தவிடும் பெரிபெரியும்

நெல்லின் உமியை நீக்கியபின் அரிசியைப் போர்த்தியிருக்கும் செம்பழுப்புத் தோலும், மணியின் ஒரு முனையில் ஒட்டியிருக்கும் முளையும் ஆலையில் தீட்டப்படும்போது தவிடாக உதிர்கின்றன. அந்தத் தவிடு பெரும்பாலும் மாட்டுக்குத் தீவனமாகிறது. தாவர உணவில் மிக நுண்ணிய அளவில் உள்ள ஒரு பொருள் மனித உடலைக் காக்கிறது என்பதைச் சோதனையாலும் கணக்கெடுப்பாலும் ஐயமற நிறுவிய தொடக்ககால ஆராய்ச்சிகளுள் முதன்மையானது இந்தத் தவிட்டைப் பற்றியதே ஆகும். 1880-களில் தொடங்கி 1936-இல் ஒரு வேதியியல் வாய்பாடாக முடிந்த அந்த ஆராய்ச்சி, ஜப்பானியப் போர்க்கப்பல்களிலும் ஜாவாவின் சிறைகளிலும் மலாயாவின் மனநோய் விடுதியிலும் சாலைக் கூலிகளின் குடிசைகளிலும் நடந்தது. இவ்விடங்கள் அனைத்துக்கும் பொதுவானது ஒன்றுண்டு: அங்கே உண்டவர்கள் எவரும் தங்கள் அரிசியைத் தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். அறிவியல் நூல்கள் கண்டுபிடித்தவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிச் செல்கையில் இந்த உண்மை பின்னுக்குப் போய்விடுகிறது.

பெரிபெரி என்பது கால்களில் மதமதப்பாகத் தொடங்கும் நோய். நரம்புகள் நலிந்து தசைகள் வற்றி நடக்க இயலாமற் போவது அதன் வறண்ட வடிவம் எனவும், கால்களிலும் உடலிலும் நீர் கோத்து வீங்கி, மூச்சு முட்டி, இதயம் செயலிழந்து சில நாள்களிலேயே உயிர் பிரிவது அதன் ஈர வடிவம் எனவும் மருத்துவர்கள் பிரித்தனர். தாய்க்கு நோய் வெளிப்படையாகத் தெரியாத நிலையிலும், அவளது பாலை மட்டுமே உண்ட கைக்குழந்தை திடீரென இறந்துவிடும் மூன்றாவது வடிவமும் உண்டு. சோறு உண்ணும் ஆசிய நாடுகளில் இந்நோய் நெடுங்காலமாகவே அறியப்பட்டிருந்த போதிலும், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அது கொள்ளைநோயைப் போலப் பரவத் தொடங்கியது.

அந்தப் பெருக்கத்துக்கு நீராவி அரிசி ஆலை ஒரு பெருங்காரணம். உரலில் இட்டு உலக்கையால் குத்திய அரிசியில் தவிட்டின் ஒரு பகுதி தங்கிவிடும். ஆனால் தவிட்டில் எண்ணெய்ப்பசை உள்ளதால் அத்தகைய அரிசி விரைவில் சிக்குவாடை அடித்து, வண்டு விழுந்து கெட்டுப்போகும். ஆகவே கைக்குத்தல் அரிசி அன்றாடம் அல்லது வாரந்தோறும் குத்தப்பட்டு, குத்திய ஊரிலேயே உண்ணப்பட்டது. நீராவி ஆலை தவிட்டை முழுவதும் தீட்டி எடுத்துவிட்டதால், வெண்ணிற அரிசியை மூட்டை கட்டி மாதக்கணக்கில் வைத்திருக்கவும் கடல் கடந்து அனுப்பவும் வழி பிறந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் பர்மா, சயாம், கொச்சின்சீனா ஆகியவற்றின் கழிமுக நெல் பெரும் வணிகச் சரக்காயிற்று. படைகளுக்கும் சிறைகளுக்கும் சுரங்கங்களுக்கும் மலிவாகவும் கெடாமலும் கிடைத்த அந்த வெள்ளை அரிசியோடு, காய்கறியும் பருப்பும் மீனும் அளவாகவே வைக்கப்பட்டன. நோய் தோன்றுவதற்கு இந்தச் சேர்க்கையே போதுமானதாக இருந்தது.

ஜப்பானில் இது தலைநகரின் நோய் என்றே பெயர் பெற்றிருந்தது. நாட்டுப்புறத்திலிருந்து எடோ நகருக்கு வந்து வெள்ளை அரிசி உண்டவர்கள் நோயுற்று, ஊர் திரும்பியதும் தேறியதை மக்கள் கவனித்திருந்தனர். மெய்ஜி பேரரசரையும் அது விட்டுவைக்கவில்லை. 1882-இல் ஜப்பானியக் கடற்படையில் ஆயிரம் பேருக்கு 400-க்கும் மேற்பட்டோர் பெரிபெரியால் தாக்கப்பட்டனர். லண்டனில் மருத்துவம் பயின்று திரும்பியிருந்த கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ, அதிகாரிகளைவிடச் சாதாரண மாலுமிகளே மிகுதியாக நோயுறுவதைக் கண்டு, உணவே காரணம் என்று கருதினார். 1883-இல் ர்யூஜோ என்னும் பயிற்சிக் கப்பல் நீண்ட பயணம் சென்று வந்தபோது அதிலிருந்த 376 பேரில் 169 பேர் நோயுற்று 25 பேர் மாண்டிருந்தனர். அடுத்த ஆண்டு த்சுகூபா என்னும் கப்பலை, அரிசியைக் குறைத்து இறைச்சி, ரொட்டி, பால் முதலியவற்றைச் சேர்த்த உணவோடு, அதே வழியில் அனுப்புமாறு தகாகி அரசை இணங்கச் செய்தார். அக்கப்பலில் ஒருவர்கூட இறக்கவில்லை. நோய் கண்ட சிலரும் புதிய உணவை முறையாக உண்ணாதவர்களே என்று அறியப்பட்டது. பின்னர் வாற்கோதுமை கலந்த சோறு கடற்படை முழுவதற்கும் விதிக்கப்பட, சில ஆண்டுகளில் நோய் ஏறத்தாழ மறைந்தது.

தகாகி தந்த விளக்கம் தவறானது. உணவில் புரதம் குறைந்து மாவுப்பொருள் மிகுந்ததே காரணம் என்று அவர் கருதினார். ஜெர்மானிய மருத்துவ மரபில் பயின்ற தரைப்படை மருத்துவர்கள் அந்த விளக்கத்தின் பலவீனத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் பயனையும் சேர்த்தே மறுத்தனர். எழுத்தாளராகப் பெரும்புகழ் பெற்ற மோரி ஓகாய் அவர்களுள் ஒருவர். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கிருமி கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டிருந்த அக்காலத்தில், ஒரு பொருள் இல்லாமற் போவதே நோயை உண்டாக்கும் என்னும் எண்ணம் கற்றவர்களுக்கு எளிதில் பிடிபடவில்லை. விளைவாக, 1904–05 ரஷ்ய-ஜப்பானியப் போரில் வெள்ளை அரிசியே உண்ட தரைப்படையில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெரிபெரியால் தாக்கப்பட்டு, 27,000 பேருக்கு மேல் உயிரிழந்தனர். பிழையான கோட்பாட்டோடு சரியான உணவைக் கொடுத்தவர் உயிர்களைக் காத்தார்; கோட்பாட்டில் கறாராக இருந்தவர்கள் காக்கத் தவறினர்.

இதே காலத்தில் டச்சு ஆட்சியில் இருந்த கிழக்கிந்தியத் தீவுகளில் அச்சே போருக்குச் சென்ற படைகள் பெரிபெரியால் முடங்கியதால், 1886-இல் ஓர் ஆய்வுக்குழு கிருமியைத் தேடி அனுப்பப்பட்டது. குழு திரும்பியபின் ஜாவாவிலிருந்த பட்டேவியாவின் படை மருத்துவமனையை ஒட்டிய ஆய்வுக்கூடத்தில் பணியைத் தொடர்ந்தவர் கிறிஸ்டியான் எய்க்மான். அவர் சோதனைக்காக வளர்த்த கோழிகள் 1889-இல் கால் தளர்ந்து, கழுத்து வளைந்து விழத் தொடங்கின. நோய்ப்பொருள் செலுத்தப்பட்ட கோழிகளும் செலுத்தப்படாத கோழிகளும் ஒன்றுபோலவே நோயுற்றன. பின்னர் திடீரென்று எல்லாமே தேறின. விசாரித்தபோது, அந்த மாதங்களில் ஆய்வுக்கூடப் பணியாளர் சிக்கனம் கருதி மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டு வந்ததும், புதிதாக வந்த சமையற்காரர் படைக்குரிய அரிசியைப் படையைச் சேராத கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டதும் தெரியவந்தன. ஆய்வாளரின் கூர்மையைப் போலவே அச்சமையற்காரரின் அலுவல் கண்டிப்பும் இந்த வரலாற்றில் இடம்பெறத் தக்கது. ஆனால் அவரது பெயர் நிலைக்கவில்லை.

தீட்டிய அரிசி கோழிகளுக்கு நரம்புநோய் தருவதையும், தவிட்டைச் சேர்த்தால் அது நீங்குவதையும் எய்க்மான் மீண்டும் மீண்டும் செய்து காட்டினார். கோழிக்குப் பொருந்துவது மனிதனுக்கும் பொருந்துமா என்ற வினாவுக்கு விடை தேடியவர் ஜாவாவின் மருத்துவ ஆய்வாளர் அடோல்ஃப் வோர்டர்மான். ஜாவாவின் சிறைகள் அந்தந்த வட்டார வழக்கப்படி, சில தவிட்டோடு கூடிய அரிசியையும் சில தீட்டிய அரிசியையும் சில இரண்டும் கலந்ததையும் கைதிகளுக்குக் கொடுத்து வந்தன. 1895–96-இல் அவர் 101 சிறைகளை, ஏறத்தாழ 2,80,000 கைதிகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். தவிடு நீங்காத அரிசி உண்ட 37 சிறைகளுள் ஒன்றில் மட்டுமே பெரிபெரி இருந்தது. தீட்டிய அரிசி உண்ட 51 சிறைகளுள் 36-இல் இருந்தது. கலப்பு அரிசி உண்டவை இடைப்பட்ட நிலையில் இருந்தன. கட்டடத்தின் பழமை, காற்றோட்டம், தரையின் தன்மை, நெருக்கடி ஆகியவற்றையும் அவர் பட்டியலிட்டுப் பார்த்து, அவற்றுக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று காட்டினார். ஒரு நோயின் காரணத்தை எண்ணிக்கையால் தேடும் முறைக்கு இவ்வளவு தெளிவான எடுத்துக்காட்டு அந்நூற்றாண்டில் அரிதாகவே காணப்படுகிறது.

ஆயினும் எய்க்மான் தாம் கண்டதற்கு, அரிசியின் மாவில் ஒரு நஞ்சு உள்ளது, தவிட்டில் அதன் முறிவு உள்ளது என்றே பொருள் கொண்டார். அவர் 1896-இல் தாயகம் திரும்பியபின் பணியை ஏற்ற கெரிட் கிரெய்ன்ஸ், அரிசியே இல்லாத வேறு மாவுணவுகளாலும் கோழிகள் நோயுறுவதையும், பச்சைப்பயறு தந்தால் நோய் நீங்குவதையும் கண்டு, நரம்புகளின் நலத்துக்குத் தேவையான ஏதோ ஒரு பொருள் தவிட்டிலும் பயற்றிலும் உள்ளது, தீட்டிய அரிசியில் அது இல்லை என்று 1901-இல் எழுதினார். நோய்க்குக் காரணம் இருப்பதல்ல, இல்லாததே என்னும் முடிவு முதன்முதலாக இவ்வளவு நேராகச் சொல்லப்பட்டது அங்கேதான். 1929-இல் நோபல் பரிசு எய்க்மானுக்கும் இங்கிலாந்தின் ஹாப்கின்ஸுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டபோது கிரெய்ன்ஸ் அதில் இடம்பெறாதது நியாயமாகப் படவில்லை.

தமிழர்கள் இந்த வரலாற்றுக்குள் வருவது மலாயாவில். வெள்ளீயச் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் வேலை செய்ய வந்த வெவ்வேறு இனத்தவர் ஒரே தட்பவெப்பத்தில், ஏறத்தாழ ஒரே வகையான குடிசைகளில் வாழ்ந்த அந்நாட்டில், பெரிபெரி சீனத் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் கொன்றபோதும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களை அவ்வளவாகத் தீண்டவில்லை. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லெனார்ட் பிராடன் இதை ஆராய்ந்து 1907-இல் பெரும் நூலொன்றாக வெளியிட்டார். சீனர்கள் சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டனர். மலாய்க் குடியானவர்கள் தம் நெல்லை அவ்வப்போது வீட்டிலேயே குத்தி உண்டனர். தமிழர்கள் தம் ஊர் வழக்கத்தை விடாமல் புழுங்கலரிசியை உண்டனர். தமிழரின் அரிசியும் ஆலையில் குத்தப்பட்டுக் கடல் கடந்து வந்ததுதான் என்பதால், ஆலையோ பயணமோ மட்டும் காரணமாக முடியாது என்பது இந்த ஒப்பீட்டிலிருந்து விளங்கியது. பிராடனும் விளக்கத்தில் தவறினார். நாள்பட்ட பச்சரிசியில் உண்டாகும் நஞ்சே காரணம் என்றும், அவித்தல் அதைத் தடுக்கிறது என்றும் அவர் கருதினார்.

நூல் வெளிவரும் முன்பே தெரிந்திருந்த அவரது கருத்தைப் பொய்ப்பிக்கும் நோக்கத்தோடு வில்லியம் ஃபிளெட்சர் 1905-இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி, ஒற்றைப்படை எண் பெற்றவர்களை ஒரு கட்டடத்துக்கும் இரட்டைப்படை எண் பெற்றவர்களை மற்றொன்றுக்கும் அனுப்பி, ஒரு பிரிவுக்குச் சயாம் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். இடம் காரணமாக இருக்கலாம் என்ற ஐயத்தைப் போக்க இடையில் இரு பிரிவினரையும் கட்டடம் மாற்றினார். பச்சரிசிப் பிரிவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நோயுற்று 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசிப் பிரிவில் பெரிபெரியால் எவரும் இறக்கவில்லை. இரு பிரிவையும் குருட்டுவாக்கில் பகுத்து ஒப்பிடும் இன்றைய மருத்துவச் சோதனை முறைக்கு இது முன்னோடி என்று பாராட்டப்படுகிறது. எதை உண்கிறோம் என்று கேட்கவோ மறுக்கவோ இயலாத மனநோயாளிகள் 18 பேரின் சாவு அந்தப் பாராட்டில் ஓர் எண்ணாக மட்டுமே நிற்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிரேசரும் ஆம்ப்ரோஸ் ஸ்டான்டனும் 1907 முதல், காட்டுக்குள் சாலை போட வந்திருந்த 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதே சோதனையை இன்னும் கவனமாகச் செய்தனர். சில மாதங்களில் பச்சரிசி உண்டவர்களிடையே நோய் தோன்றியது. உணவை மாற்றியதும் நின்றது. மறுபிரிவுக்கு அதே பச்சரிசியைக் கொடுத்ததும் அங்கே தோன்றியது. பின்னர் அவர்கள் தவிட்டைச் சாராயத்தில் ஊறவைத்து எடுத்த சாறு கோழிகளைக் குணப்படுத்துவதைக் காட்டினர். காக்கும் பொருளை நேரடியாக அளக்க அப்போது வழி இல்லாததால், தவிட்டோடு சேர்ந்தே நீங்கும் பாஸ்பரஸை அவர்கள் அளவுகோலாகக் கொண்டனர். அரிசியில் பாஸ்பரஸ் பென்டாக்சைடு 0.4 விழுக்காட்டுக்குக் குறையாதிருந்தால் அந்த அரிசி தீங்கற்றது என்று வரையறுத்தனர். 1910-இல் மணிலாவில் கூடிய தூரகிழக்கு வெப்பமண்டல மருத்துவர் மாநாடு, தீட்டிய அரிசியைத் தொடர்ந்து முதன்மை உணவாகக் கொள்வதோடு பெரிபெரி தொடர்புடையது என்று தீர்மானித்தது.

புழுங்கலரிசி ஏன் காத்தது என்பது பின்னரே தெளிந்தது. நெல்லை நீரில் ஊறவைத்து, அண்டாவில் ஏற்றி அவித்து, களத்தில் உலர்த்திய பிறகு குத்துவதே புழுங்கல் முறை. ஊறும்போதும் அவியும்போதும் தோலிலும் முளையிலும் உள்ள, நீரில் கரையும் சத்துகள் மணியின் உட்பகுதிக்குள் இறங்குகின்றன; வெப்பத்தால் மாவுப்பொருள் இளகிப் பசையாகி, உலர்கையில் இறுகிக்கொள்வதால் அவை அங்கேயே தங்கிவிடுகின்றன. அதன்பின் ஆலையில் எவ்வளவு தீட்டினாலும் இழப்பு குறைவு. சமைக்குமுன் அரிசியைக் களையும்போது வெளியேறுவதும் பச்சரிசியைவிடக் குறைவு. நெல்லை அவித்த தமிழகப் பெண்கள் இதை அறிந்து செய்தார்கள் என்று பெருமை பேச இடமில்லை. அவித்த நெல்லின் உமி எளிதில் விலகும், அரிசி நொய்யாக உடைவது குறையும், சோறு குழையாது, மறுநாளைக்குப் பழையதாகவும் நிற்கும் என்பனவே அதற்குப் போதிய காரணங்கள். வழிபாட்டுக்கும் சடங்குக்கும் பச்சரிசி என்று ஒதுக்கி, உழைப்பவர்களின் அன்றாட உலைக்குப் புழுங்கல் என்று வைத்திருந்த வழக்கம், தாழ்வாக மதிக்கப்பட்ட அரிசியைச் சத்துள்ளதாக்கி வைத்திருந்தது.

தவிட்டிலுள்ள பொருளைத் தனியே பிரித்தெடுக்கும் முயற்சி கால் நூற்றாண்டு நீண்டது. டோக்கியோவில் சுஸுகி உமெத்தாரோவும் லண்டனில் காசிமிர் ஃபுங்கும் 1910–12 அளவில் செறிவூட்டிய சாறுகளைப் பெற்றனர். வைட்டமின் என்னும் பெயர் ஃபுங்க் 1912-இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. எனினும் அவர்கள் கண்ட படிகங்கள் தூய்மையானவை அல்ல. 1926-இல் பட்டேவியாவில், எய்க்மான் பணிபுரிந்த அதே ஆய்வுக்கூடத்தின் வழிவந்த நிலையத்தில், பாரெண்ட் யான்சனும் வில்லெம் டோனாத்தும் சுமார் 300 கிலோ தவிட்டிலிருந்து ஏறத்தாழ 100 மில்லிகிராம் தூய படிகத்தைப் பெற்றனர். அதன் ஆற்றலுக்கு அளவுகோலாக அவர்கள் வைத்துக்கொண்டது நெல்வயல்களில் திரியும் சிறு குருவிகளை. தீட்டிய அரிசியால் அவை விரைவில் நோயுறும், மிகச் சிறு துளி மருந்திலேயே தேறும். அப்பொருளின் மூலக்கூற்றில் கந்தகம் உள்ளதை அவர்கள் கவனியாமல் விட்டதால் வாய்பாடு பல ஆண்டுகள் தவறாகவே நின்றது.

அதை முடித்துவைத்தவர் ராபர்ட் ரன்னெல்ஸ் வில்லியம்ஸ். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூரில், அமெரிக்க பாப்டிஸ்ட் மறைப்பணியாளர்களின் மகனாக 1886-இல் பிறந்த அவர், மணிலாவில் இளம் வேதியியலராக இருந்தபோது, படை மருத்துவர் எட்வர்ட் வெடர் 1910-இல் அவரிடம் தவிட்டுச் சாற்றைக் கொடுத்து, அதில் உயிர்காக்கும் பொருள் எது என்று கண்டறியுமாறு கேட்டார். தொலைபேசி ஆய்வுக்கூடமொன்றில் வேதியியல் பிரிவுக்குத் தலைமை ஏற்றுப் பிழைப்பை நடத்திக்கொண்டே, ஓய்வு நேரங்களில் 26 ஆண்டுகள் அந்தக் கேள்வியைத் தொடர்ந்த வில்லியம்ஸ், 1936-இல் பொருளின் அமைப்பை வெளியிட்டு, அதைச் செயற்கையாகவும் ஆக்கிக் காட்டினார். தயமின் அல்லது வைட்டமின் பி1 என்று இன்று அறியப்படும் அது, மாவுப்பொருளிலிருந்து உடல் ஆற்றல் பெறும் வேதிவினைகளில் நொதிகளுக்குத் துணைநிற்பது. உண்ணும் மாவுப்பொருள் கூடக்கூட அதன் தேவையும் கூடும் என்பதால், வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிகிராமே போதுமானது என்றாலும், மற்ற உணவு சுருங்கிச் சோறு மட்டும் பெருகிய தட்டில் அதன் குறை முதலில் வெளிப்பட்டது.

இந்திய ஆராய்ச்சி குன்னூரின் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் வேர்கொண்டது. ராபர்ட் மெக்காரிசன் அங்கே புறாக்களையும் எலிகளையும் கொண்டு நடத்திய சோதனைகளில் பல வட்டாரங்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டபோது, சென்னை மாகாண உணவு உண்ட எலிகளே வளர்ச்சியில் கடைசியில் நின்றன. அவருக்குப்பின் 1935-இல் பொறுப்பேற்ற வாலஸ் அய்க்ராய்ட், மாகாணத்தின் நோய்ப் பரவலை அரிசி வகையோடு பொருத்திப் பார்த்தார். விசாகப்பட்டினம் முதல் நெல்லூர் வரையிலான கடலோரத் தெலுங்கு மாவட்டங்களில் பெரிபெரி நிலைத்திருந்தது. அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசியே வழக்கம். தெற்கே, வறுமையில் குறைவில்லாத தமிழ் மாவட்டங்களில், புழுங்கலரிசி உண்டவர்களிடையே அந்நோய் அரிதாக இருந்தது. இந்தியாவின் அரிசிச் சிக்கலைப் பற்றி அவரும் குன்னூர் ஆய்வாளர்களும் 1940-இல் வெளியிட்ட அறிக்கை, புழுங்கல் முறையை ஊக்குவிப்பதும் தீட்டும் அளவைக் கட்டுப்படுத்துவதுமே நடைமுறைக்கு ஏற்ற வழிகள் என்று கூறியது. ஆனால் பச்சரிசி உண்டு பழகியவர்களுக்குப் புழுங்கலின் மணம் பிடிப்பதில்லை. வெண்மையைத் தரமெனக் கொள்ளும் கண்ணும் எளிதில் மாறுவதில்லை.

செயற்கைத் தயமின் மலிந்தபின் வேறொரு வழி திறந்தது. 1948 முதல் பிலிப்பைன்ஸின் பட்டான் மாகாணத்தில், தயமின் ஏற்றிய அரிசிமணிகளைச் சாதாரண வெள்ளை அரிசியில் சிறு விகிதத்தில் கலந்து கொடுத்தபோது பெரிபெரிச் சாவுகள் பெருமளவு குறைந்தன. வில்லியம்ஸும் அத்திட்டத்தில் முன்னின்றார். 1952-இல் அதை நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. அது நடைமுறையில் தளர்ந்துபோனதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று மருத்துவத்தோடு தொடர்பற்றது: வாங்கிய சத்துமணிகளின் அளவைக் கொண்டு ஆலை குத்திய நெல்லின் உண்மை அளவை வரி அலுவலர் கணக்கிட்டுவிடுவார் என்று ஆலை உரிமையாளர்கள் அஞ்சினர். இந்தியாவில் 2021-இல் அறிவிக்கப்பட்டு நியாயவிலைக் கடைகள் வழியாக வழங்கப்பட்ட செறிவூட்டிய அரிசியும் அதே கலப்பு முறையையே பின்பற்றியது. அரிசிமாவில் சத்துகளைச் சேர்த்து மணியாக வார்த்து, நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்தனர். அதில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவை இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவை; தயமின் விருப்பம்போல் சேர்த்துக்கொள்ளத்தக்கவற்றின் பட்டியலில் இருந்தது.